கட்டி சுருங்கவில்லை

தங்கச்சிக்கு,

போன வாரம் போனில், "அக்கா, எலிக்குச் சரியாச்சுன்னா எனக்கும் சரியாயிடும்ல?" என்று சிரித்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஈரலைக் கெடுக்காதபடி எங்கள் ஆய்வக மருந்தைக் கொஞ்சம் மாற்றினோம் அல்லவா? மாற்றிய மருந்துக்குப் புற்றுநோய் செல்களைக் கொல்லும் பழைய வேகம் இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். எலிகளுக்கும் கொடுத்தோம், கட்டி சுருங்கவில்லை. நேற்று கடைசி எலியும் போய்விட்டது.

"இதோட நிறுத்திக்கலாம்மா" என்றார் பேராசிரியர். கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு வருஷம் ஆய்வகமே கதியென்று கிடந்துவிட்டேன். உன்னோடு இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். எத்தனை நாள் லீவு என்று மட்டும் கேட்காதே.

உன் அக்கா