ஒரு கட்டை கீழே

மார்ச் 4, செவ்வாய்

காலையில் குளிர், பத்து மணிக்கே வெயில். இவர் முதல் ஷிப்ட். கீபோர்டு கிளாஸ் பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள். அதற்குள் வேலை: ஞாயிறு உத்தனப்பள்ளி மாரியம்மன் திருவிழாக் கச்சேரிக்கு ஆறு பாட்டுக்குப் பின்னணி இசை டிராக். டிரம்ஸ், தபேலா, வயலின் எல்லாம் இந்த ஒரே கீபோர்டில். பேஸ் கிடார் மட்டும் கன்னடத்துப் பையன் மஞ்சு வந்து வாசிப்பான். பாட்டு இவர்.

இவருக்குத் தொண்டை கட்டி ஒரு மாதமாகிறது. நேற்று டாக்டர், குரல்வளையில் ஏதோ கட்டி மாதிரி தெரிகிறது, பெங்களூர் போய் ஸ்கோப் போட்டுப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார். "திருவிழா முடியட்டும். திங்கக்கெழம போவோம்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார். அந்த 'ஏதோ' என்னவென்று கேட்கக்கூட இல்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும். புளி.

மார்ச் 5, புதன்

குளிக்கும்போது பாடினார். மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. உடனே குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். எனக்குக் கேட்காதாம்.

அவர் கிளம்பியதும் ஆறு பாட்டின் சுருதியையும் ஒரு கட்டை இறக்கினேன். சொல்லவில்லை. இறக்கும்போது டிரம்ஸ் டிராக்கை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் டிரம் அடிக்கிற இடத்தில் வேறு ஏதாவது சத்தம் வரும். அவசரத்தில் அதையும் சேர்த்து இறக்கித் தொலைத்தேன். சரிசெய்து பிளாப்பியில் ஏற்றுவதற்குள் கரண்ட் போனது. காலை வேலை அத்தனையும் போச்சு. அழுதேன். கரண்டுக்காக இல்லை.

மதியம் மறுபடி உட்கார்ந்து முடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் டிராக்கோடு பாடிப் பார்த்தார். உடையவில்லை.

"பாத்தியா? தொண்ட தேவலாம். மிளகுக் கசாயம் கேக்குது."

"ஆமாங்க."

"பெங்களூரெல்லாம் என்னத்துக்கு? வீண் அலைச்சல்."

நல்லது என்று நினைத்து நானே கெடுத்துவிட்டேனோ? சொன்னால் மனசு உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ரிகர்சல். எல்லாம் யோசித்தவள் மஞ்சுவை மறந்தேன். அவன் ஒரிஜினல் பாட்டுக் கேசட்டைக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருக்கிறான். முதல் வரியிலேயே கிடாரை நிறுத்திவிட்டான்.

"ஏனக்கா இது? ஒரு கட்டை கம்மி இருக்கு? அண்ணாக்குத் தொண்டை சரியில்லையா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"நாந்தான்டா எறக்கச் சொன்னேன். வாசி."

வீடு வந்ததும் கசாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

மேகமூட்டம். இவருக்கு லீவு. மிளகு வறுத்துக்கொண்டிருந்தேன், கூப்பிட்டார். கீபோர்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இதுல காலி டிராக் இருக்கா லதா?"

"இருக்குங்க. எதுக்கு?"

"நான் பாடப் பாட அப்படியே புல்லாங்குழல் சத்தத்துல வாசிச்சு வச்சுரு. ஆறு பாட்டும். மியூட்ல கெடக்கட்டும்."

"நாளைக்குத்தான் நல்லாப் பாடிடுவீங்களே."

"நாளைக்குச் சமாளிச்சுருவேன். இது திங்கக்கெழமைக்கு அப்புறத்துக்கு."

அப்போ பெங்களூர் வருகிறார். அது போதும் என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கப்புறம் குரல் இருக்காது என்று இவரே எண்ணிவிட்டார்.

ஒவ்வொரு வரியாகப் பாடினார், வாசித்தேன். அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, குழைகிற இடத்தில் குழைத்து. ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவதில் இரண்டாம் சரணத்தில் நிறுத்தினார். இருமல். தண்ணீர் கொடுத்தேன்.

"மிச்சத்த நீயே வாசி. ஒனக்குத் தெரியும்ல."

தெரியும். வாசித்தேன்.