முதல் சூளைக்கு யார் பிணை

ஆறு வற்றாத மருதவெளி நாட்டை ஆண்டருளும் தேவியாரின் திருவுளப்படி, பெருமந்திரி இளங்காரியார் சொல்ல எழுதிய ஓலை. துறையும் அங்காடியும் குறைவற விளங்கும் வெண்குறிச்சி நகரச் சபையார்க்கும், சபைத் தலைவர் கூத்தன் அரையர்க்கும் நலமே பெருகுக.

வெண்குறிச்சியில் கண்ணாடி வளையல் வார்க்க வந்த நல்லமங்கை, ஊர்ப்புறத்தில் களிமண் சூளை கட்டிவிட்டு, நெருப்பு மூட்டச் சபையின் உத்தரவில்லாமல் தவிக்கிறாள். பச்சைச் சூளை அது. மழைக்கு முன் சுட்டால் கல்லாகும், சுடாவிட்டால் சேறாகும். மேற்கே மேகம் ஏறிவிட்டது.

புதுத்தொழில் தொடங்குவோர்க்கு அதே தொழில் செய்யும் உள்ளூரார் பிணை நிற்கவேண்டும் என்பது சபை விதி. வெண்குறிச்சியிலோ வளையல் வார்ப்பவர் எவருமில்லை. இதை அவள் சபையில் சொன்னபோது அரையர், "முதலில் ஒருத்தர் வந்து தொழில் நடத்தட்டும், அப்புறம் நீ வா" என்றாராம். "அந்த ஒருத்தருக்கு யார் ஐயா பிணை?" என்று அவள் கேட்கவும் சபை கலைந்ததாம். அவள் நேரே தலைநகருக்கு நடையைக் கட்டினாள்.

மந்திரியார் விசாரித்தார். செக்கு வைப்பதாக ஊராரின் எள்ளை வாங்கிக்கொண்டு ஒருவன் ஆற்றைக் கடந்து ஓடியபோது செய்த விதி இது; நோக்கம் நல்லதே. ஆயினும் அதன்பின் செக்கார் தம் மைத்துனர்க்கே பிணை நின்றனர். ஊருக்குப் புதிதாக ஒரு தொழிலும் வரவில்லை.

உத்தரவு கிடைக்குமென்று தெரிந்ததும் நல்லமங்கை குரலைத் தாழ்த்தி, "விதியை மட்டும் எடுத்துடாதீங்க ஐயா. இனிமே வளையல் வார்க்க வர்றவன் என்கிட்டத்தானே பிணைக்கு நிற்கணும்" என்றாள். மந்திரியார் சிரித்துவிட்டார். "நேற்றுவரை வெளியே நின்றவள் நீதானே அம்மா" என்றார். அவள், அப்படியானால் வருகிறவன் சிவப்பு வளையலையாவது தனக்கு விடவேண்டும் என்று எழுதச் சொன்னாள். அது கட்டளையில் எழுதப்படவில்லை.

ஆகையால் கட்டளையாவது: பிணை விதி இன்றோடு ஒழிந்தது. தீ பரவாத இடம் காட்டுவதும், ஏய்ப்பவனைப் பிடித்துத் தண்டிப்பதும் சபையின் பொறுப்பு. தொழில் நடக்குமா நடக்காதா என்பது வாங்குவோர் பாடு. ஓலையை நல்லமங்கையே கொண்டுவருகிறாள். படித்து முடித்தவுடன் அரையர் தம் கையாலேயே அவள் சூளைக்கு நெருப்பிடக் கடவர்.

தேவியாரின் முத்திரை இட்டது. மறுமொழி வேண்டா, புகை தெரிந்தால் போதும்.