ரெக்கார்டர் சொன்ன பத்தரை மணி

என்னங்க,

நேற்று உங்கள் அக்கா எதிரிலேயே, "தினமும் பத்து மணிக்குத் திறக்க வேண்டிய கடையைப் பத்தரைக்குத்தான் திறக்குறே, கேமரா பொய் சொல்லுமா?" என்று கேட்டீர்களே!

இப்போது போனில் கடை கேமராவைப் பார்த்தேன். போனில் மணி ஒன்பது, கேமராவின் ரெக்கார்டர் ஒன்பதரை காட்டுகிறது. வாங்கி வந்த அன்று வீட்டிலேயே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தானே அதற்கு நேரம் வைத்தீர்கள்? நீங்கள் சீக்கிரம் எழுந்திருக்க அரை மணி கூட்டி வைத்த அதே கடிகாரம்! பழி மட்டும் எனக்கு.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபம் உங்கள் மேல்தான், உங்கள் வயிற்றின் மேல் இல்லை.

பி.கு.: கடைக்குப் போனதும் முதல் வேலையாக ரெக்கார்டர் நேரத்தைச் சரிசெய்துவிடுவேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, கேமராவுக்கு நேராக நின்று மன்னிப்புக் கேளுங்கள். சரியான நேரத்தோடு பதிவாகட்டும்.