வாளிக் கக்கூசுக்கு ஒரு பூட்டு

அன்புள்ள நஸீபாவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் உம்மாவுக்கும் என் சலாம். உம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இந்தப் பாலைவனத்தில் கேரவன் வண்டிதான் எங்கள் வீடு. தண்ணீர் லாரி எப்போதாவதுதான் வரும் என்பதால் வண்டியில் கக்கூஸ் கிடையாது. வெட்டவெளியில் ஒதுங்கி அலுத்துப்போய், பெயின்ட் வாளிமேல் துளைபோட்ட பலகை வைத்து, சுற்றித் தகரம் அடைத்துக் கதவும் போட்டு நானே ஒன்று செய்தேன். மூத்திரமும் கழுவும் தண்ணீரும் தனிக் கேனுக்குப் போய்விடும். மேலே மரத்தூள் போட்டால் நாற்றமே இல்லை.

சூப்பர்வைசர் இஸ்மாயில் நம் பண்பொழிக்காரர். "ஏலே, வாளியில போறவன் நீ ஒருத்தன்தாம்லே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மறுவாரம் அவரே அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார்! ஆபீசர்களுக்கு மட்டுமாம். என் கையால் செய்தது, நஸீபா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாவி உங்ககிட்ட இருந்தா வாளியையும் நீங்கதான் கொட்டணும் அண்ணாச்சி" என்றேன்.

அதன்பிறகு நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. நிறைந்த வாளியை அவரையே சுமக்க வைத்துத்தான் சாவியை வாங்கினேன். இப்போது பூட்டே கிடையாது. நீ கவலைப்படாதே.

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாமே. பிள்ளைகளோடு போனால் மெயினருவிச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பு. கொஞ்சம் நீளமாகவே பிடி. இங்கே சிக்னல் கிடையாது, டவுனுக்குப் போகும்போது கேட்டுக்கொள்வேன்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், இதை அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

உவைஸ்