‘இன்சொலென்ட்’னா என்னங்க?

அம்மணி,

இன்று மத்தியானம் மில்லில் அந்தச் சொல் மறுபடியும் என் காதில் விழுந்தது. இன்சொலென்ட். இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார்கள். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் கலந்த அந்த வாசத்தில் நின்றபடி உன்னைத்தான் நினைத்தேன். பாவி, நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்!

நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நாம் நின்ற காலம். நான் மாசமாக இருந்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்காக நீதான் வெள்ளைக்கார மானேஜர் முன்னால் போய் நின்றாய். எடுத்த எடுப்பிலேயே காரியத்தைப் பேசுவது நம் பக்கத்தில் மரியாதையா என்ன? அதனால் முதலில், “சாப்டாச்சுங்களா?” என்று விசாரித்தாய். கூட நின்ற கிளார்க் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, ஒரு கூலிக்காரி தன் சாப்பாட்டை விசாரிப்பதா என்று துரையின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. முக்காலி விஷயம் அவர் காதில் ஏறவே இல்லை. “இன்சொலென்ட்!” என்று கத்தினார். அன்றோடு உனக்கு வேலை போயிற்று.

கேட்டுக்கு வெளியே கிளார்க்கை நிறுத்தினாய். “ஏனுங்க, அப்படின்னா என்னங்க?”

“மட்டு மரியாதை இல்லாம, திமிராப் பேசறவங்களச் சொல்றதுங்க அம்மணி.”

“என்னைய நாயாட்டம் தொரத்துனாரே, அவரைய அப்படிச் சொல்லலாமுங்களா?”

அவர் பதறிப்போனார். “ஐயோ, மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களச் சொல்றதுங்க அது!”

“அப்ப கீழ மட்டுந்தான் எறங்குமாட்ட இருக்குது. மேல ஏறாதுங்களா?”

கேட்டுவிட்டு நீ சிரித்தாய். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அன்னூரில் உன் அண்ணன் தோட்டத்துக்குப் போனவள், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். என் மகளை நீ பார்க்கவே இல்லை. அவளைத் தூக்கும்போதெல்லாம், உன் மடியில் ஒரு தடவை போட முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

உன் மெஷினில் இப்போது துடியலூர்ப் பெண் ஒருத்தி நிற்கிறாள். நிறைமாசம். இன்று காலை என் வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் போட்டேன். மத்தியானம் புது துரை வந்து முறைத்தார். என் வாயில் உன் வார்த்தைதான் முதலில் வந்தது.

“சாப்டாச்சுங்களா?” என்றேன்.

அதற்குத்தான் அந்தச் சொல். நாளைக்கு மில் சங்கு ஊதும்போது என்னை உள்ளே விடுவார்களோ என்னவோ. ஆனால் அந்தப் பெண் பயந்து எழப் பார்த்தபோது, தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். மாலைச் சங்கு வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை, அம்மணி.