எழில் மங்கையரும் உடைந்த மடையும்

புரட்டாசி 18, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். நவராத்திரி எக்ஸிபிஷனுக்கு மண்டபத்தில் படம் மாட்டும் வேலை. ஆணி அடித்தால் காரை உதிர்கிறது. கடைசியில் சணல் கயிறு.

ஊர் ஊராகக் காமிராவைச் சுமந்து எடுத்த படங்கள். கண்மாய், கல் உடைப்பு, கட்டுமாவடி மீன் ஏலம், ஆவூர் சர்ச், முடிவில் அரண்மனை யானை. யோசித்து வைத்த வரிசை.

மத்தியானம் எக்ஸிபிஷன் கமிட்டிக் காரியதரிசி வந்தார். பென்ஷன் வாங்கும் தாசில்தார். இனி கா. என்றே எழுதுவேன், அவருக்கு அவ்வளவு மை போதும். யானை வாசலுக்கு வரவேண்டுமாம். கட்டுமாவடி கூடாதாம், அது தஞ்சாவூர் ஜில்லா, நம் சமஸ்தானமில்லை. மீனுக்கு எல்லை தெரியுமா என்றேன். சிரிக்கவில்லை.

புதன்

கா.வின் இன்றைய உத்தரவுகள்:
சிறிய படம் முதலில், பெரிய படம் பின்னால்.
எல்லாப் படத்துக்கும் பூமாலை. (பாதிப் படம் மறையும். சொன்னேன். பயனில்லை.)
கண்மாய்ப் படத்தைக் கழற்றவும்.

என்னிடம் உள்ளதில் அதுதான் நல்ல படம். வெடித்த தரையில் ஒரு குழி. உள்ளே இறங்கிய பெண்கள் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொள்கிறார்கள். முன்னால் நிற்கும் கருப்பாயி மட்டும் நேரே காமிராவைப் பார்க்கிறாள். அந்தப் படம் இல்லையென்றால் ஒரு படமும் இல்லை என்றேன். ஒரு மணி நேரப் பேச்சு. படம் இருக்கலாம், அடியில் எழுதுவது அவர் பொறுப்பு என்று முடிந்தது. எழுதினார்: “இயற்கை ஊற்றில் நீர் மொள்ளும் எழில் மங்கையர்.”

வீட்டில் சொல்லிப் புலம்பினேன். வீட்டுக்காரி மீனாட்சி இலை போட்டுக்கொண்டே, “எழுதிட்டுப் போறாரு. படம் பொய் சொல்லாதுல்ல” என்றாள். சாம்பாரில் உப்பில்லை.

வியாழன்

திறப்பு விழா. கூட்டம். மாலைகள் இப்போதே வாடல்.

விறகு விற்க டவுனுக்கு வந்த கருப்பாயி, நான் முன்பே சொல்லியிருந்ததால், ஊர்ப் பெண்களோடு வந்துவிட்டாள். வாசலில் சேவகன் தடுத்தான். நானே போய் அழைத்து வந்தேன். படத்தில் தன்னையே வெகுநேரம் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தது என் மடத்தனம்.

“சீலைக் கிழிசலு தெரியுதே. படம் புடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருந்தா வேற கட்டிருப்பேன்ல?”

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்தேன். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மராமத்து இலாகாப் பெரிய அதிகாரியோடு கா. வந்து, வற்றாத ஊற்று என்று விளக்க ஆரம்பித்தார்.

“ஊத்து இல்லீங்க,” என்றாள் கருப்பாயி. “நாங்க நோண்டுன குழி. மடை ஒடஞ்சு கெடக்கு. பேஞ்ச தண்ணியெல்லாம் ஓடிப் போச்சு.”

எந்த ஊர் என்று அதிகாரி கேட்டார். சொன்னாள். தலையாட்டிவிட்டு யானையைப் பார்க்கப் போய்விட்டார். கா.வின் முகத்தில் வேர்வை. எனக்குக் கோபமா சந்தோஷமா தெரியவில்லை.

வெள்ளி

மண்டபத்துக்குப் போனேன். கண்மாய்ப் படம் இல்லை. அந்த இடத்தில் கமிட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்த குரூப் போட்டோ. மாலையுடன்.

படம் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, மூலையில் கண்ணாடி கீறல். என் படங்களை எல்லாம் கழற்றினேன். கா. ஓடிவந்து யானையின் முன்னால் கையை விரித்து நின்றார். அரண்மனைச் சொத்தாம். வைத்துக்கொள்ளட்டும்.

வண்டியில் வரும்போதுதான் பயம். இனி அரண்மனை வேலை வராது. மீனாட்சியிடம் சொன்னேன். நேற்றே தெரியும் என்றாள்.

சனி

வீட்டில் அடுக்கினால் கரையானுக்குத்தான் எக்ஸிபிஷன். சந்தைப்பேட்டையில் வெற்றிலைக் கடைக்காரர் கீற்றுப் பந்தலில் இடம் தந்தார். கயிறு கட்டி மாட்டினேன். பழைய வரிசை. கட்டுமாவடியும் உண்டு. எதற்கும் அடியில் ஒன்றும் எழுதவில்லை.

சனம் மண்டபத்தை விட அதிகம். எல்லோரும் தொட்டுத்தான் பார்க்கிறார்கள். சுண்ணாம்பு விரல். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. கருப்பாயி விறகைப் போட்டுவிட்டுப் படத்தின் பக்கத்திலேயே நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் மடை உடைந்த கதை. கிழிசலையும் அவளே காட்டினாள்.

திங்கள்

தலைவலி. சுண்ணாம்புக் கறையைத் துடைக்கப் போய்ப் படமே உரிந்தது. ஒன்று பாழ்.

கருப்பாயி வந்தாள். மராமத்து ஓவர்சீயர் கண்மாய்க்கு வந்து மடையைப் பார்த்தாராம். கட்டித் தருவாரா என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்க. இதுவரைக்கும் பாக்கக்கூட ஆளு வந்ததில்லை.”

அவள் பின்னால் கந்தர்வக்கோட்டைக்காரர்கள் இருவர். சந்தையில் பார்த்தார்களாம். தங்கள் கண்மாயையும் படம் எடுக்க வேண்டுமாம். எந்த ஜில்லா, எந்த சமஸ்தானம் என்று நானும் கேட்கவில்லை.

சீமையில் சண்டை வந்ததிலிருந்து காமிராவுக்குப் போடும் கண்ணாடி பிளேட் கிடைப்பதில்லை என்றேன். மதராசிலேயே இல்லை என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பெரியவர், “அப்ப என்னைக்கு வாரீங்க?” என்றார்.

புதன்கிழமை என்று சொல்லித் தொலைத்தேன். பிளேட்டுக்கு எங்கே போவது?