துரை ஊற்றிய எண்ணெய்

அப்பா,

காரின் கியர் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். பி.ஏ. படித்த திமிரில் இந்தப் பேச்சை எடுக்காதே என்றீர்கள், எடுத்துவிட்டேன். "தானா கியர் மாத்திக்கிற வண்டி, துரை பாரீஸ்லேர்ந்து கொண்டாந்து ஊத்தின எண்ணெம்மா" என்கிறீர்கள். வண்டியை விட்டுப்போன பிரெஞ்சுத் துரையே கொடியைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அவர் எண்ணெய்க்கு மட்டும் எதற்கு மரியாதை? அது கரிந்து நாறுகிறது. நாளை அக்கா கமலாவைப் பெண் பார்க்க வருகிறவர்களை இதில்தான் அழைத்துவர வேண்டும். வழியில் வண்டி நின்று மாப்பிள்ளை வீட்டார் இறங்கித் தள்ளினால் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

பழைய எண்ணெய் முழுவதையும் எடுத்துக் கியர்ப்பெட்டியைக் கழுவினால் கியர் வழுக்கும் என்று பயப்படுகிறீர்கள். அது நியாயம்தான். அடிச்சட்டியில் இருப்பதை மட்டும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல்கிறேன்.

மீன் குழம்பு உறியில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

தனம்

பி.கு.: வண்டியை வாசலில் தேடாதீர்கள். முத்தியால்பேட்டைப் பட்டறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்.